மினி டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு: பராமரிப்பு முதல் கருவித் தேர்வு வரை முழுமையான வழிகாட்டி

தென்னந்தோப்பு, வாழை, மஞ்சள், திராட்சை என வரிசைக்குள் புகுந்து உழ வேண்டிய இடங்களில் எல்லாம் இப்போது 15 முதல் 28 எச்.பி. வரையிலான சின்ன டீசல் டிராக்டர்கள்தான் ஓடுகின்றன. குபோட்டா நியோஸ்டார், மஹிந்திரா ஜிவோ, ஸ்வராஜ் 717, வி.எஸ்.டி., ஜான் டியர் 3028 என்று ஊருக்கு ஊர் ஏதாவது ஒன்று இருக்கும். சின்ன வண்டிதானே, செலவும் கவனிப்பும் சின்னதாகத்தான் இருக்கும் என்று நம்பி வாங்குகிறவர்கள் நிறைய.

பெரிய வண்டி பொறுத்துக்கொள்ளும் தவறுகளை மினி டிராக்டர் பொறுக்காது. எஞ்சினில் நிற்கும் ஆயில் 50 எச்.பி. வண்டியில் நிற்பதில் ஏறக்குறைய பாதிதான். ஆகவே அழுக்கு சீக்கிரம் சேரும், குறைந்தால் சீக்கிரம் தெரியும். ரேடியேட்டர் சின்னது. பல மினி வண்டிகள் 2300, 2600 ஆர்.பி.எம். என்று வேகமாகச் சுற்றுகிற எஞ்சினோடு வருகின்றன. வண்டியின் மொத்த எடை பெரும்பாலும் ஒரு டன்னுக்குள்தான். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு பராமரித்தால், பின்னால் சரியான அளவுக் கருவியையும் மாட்டினால், பல வருடம் மெக்கானிக்கைத் தேடாமல் ஓட்டலாம்.

முதலில் ஒரு நோட்டு

வண்டியோடு வரும் புத்தகத்தைக் கருவிப் பெட்டிக்கு அடியில் போட்டுவிடாதீர்கள். எந்த ஆயில், எத்தனை மணிக்கு ஒருமுறை, எங்கெங்கே கிரீஸ் நிப்பிள் என்ற மூன்றும் மாடலுக்கு மாடல் மாறும். டேஷ்போர்டில் உள்ள ஹவர் மீட்டரைப் பார்த்து, ஆயில் மாற்றிய மணி, ஃபில்டர் மாற்றிய மணி, செலவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வண்டியை டிரைவர் ஓட்டுகிறார் என்றால் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். விற்கும்போது இந்த நோட்டு ஒன்றே நல்ல விலை வாங்கிக் கொடுக்கும்.

புது வண்டிக்கு முதல் 50 மணி நேரம் முக்கியமானது. அந்த நேரத்தில் கனமான இழுவை வேண்டாம், ஒரே வேகத்தில் நாள் முழுக்க ஓட்டவும் வேண்டாம். உள்ளே பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பதமாகும்போது உலோகத் தூள் ஆயிலில் கலக்கும். அதனால்தான் முதல் சர்வீஸை 50 மணிக்கே வைத்திருக்கிறார்கள். இலவச சர்வீஸ்தானே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட வேண்டாம். சக்கர போல்ட்டுகளையும் முதல் சில மணி நேரம் ஓடியவுடன் ஒருமுறை இறுக்கிவிட வேண்டும்.

காலையில் பத்து நிமிடம்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி தெரிந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அளவு தானாகக் கூடி, டீசல் வாடை அடித்தாலும் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.

அப்புறம் ரேடியேட்டர் தண்ணீர், டயர், வண்டி நின்ற இடத்தில் தரையில் ஏதாவது கசிந்திருக்கிறதா என்ற ஒரு பார்வை. தரையில் இருக்கும் ஒரு சொட்டு, வரப்போகும் பெரிய செலவை முன்கூட்டியே சொல்லிவிடும். மாலையில் வேலை முடிந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தாமல் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலிங்கில் விட்டு நிறுத்துங்கள்.

தூசி: எஞ்சினின் முதல் எதிரி

மினி டிராக்டர் எஞ்சின் சீக்கிரம் தேய்வதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஏர் ஃபில்டரைத்தான். கோடையில் காய்ந்த மண்ணில் ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறித் தூளாக்கும் சுழல் கலப்பை) ஓட்டும்போது வண்டியே புழுதிக்குள் மூழ்கிப் போகிறது. அந்தப் புழுதியில் இருக்கும் நுண்மணல் உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடும்.

உங்கள் வண்டியில் இருப்பது ஆயில் பாத் வகையா, காகித ஃபில்டர் உள்ள உலர் வகையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆயில் பாத் என்றால் கீழே உள்ள கிண்ணத்தைக் கழற்றி, அடியில் படிந்த சேற்றைக் கொட்டி, டீசலில் கழுவி, குறித்த கோடு வரைக்கும் மட்டும் புது எஞ்சின் ஆயில் ஊற்ற வேண்டும். கோட்டுக்கு மேலே ஊற்றினால் அந்த ஆயிலை எஞ்சின் உறிஞ்சிக்கொண்டு, ஆக்சிலேட்டருக்குக் கட்டுப்படாமல் வேகம் ஏறிவிடும் ஆபத்து இருக்கிறது. புழுதி வேலை என்றால் இதைத் தினமும் பார்க்க வேண்டும்.

உலர் வகையில் இரண்டு எலிமெண்ட் (ஃபில்டர் உருளை) இருக்கும். வெளியே இருக்கும் பெரியதைக் கழற்றி, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்று அடித்துச் சுத்தம் செய்யலாம். காற்றழுத்தம் 30 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது. பஞ்சர் கடையில் லாரி டயருக்கு அடிக்கும் அதே குழாயை நேராக நீட்டினால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். டயரில் தட்டித் தூசி உதிர்ப்பதும் கூடாது, விளிம்பு நசுங்கிவிட்டால் அந்த வழியாகத் தூசி போகும். சுத்தம் செய்தபின் உள்ளே ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். எங்காவது ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் நேராக வந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் சின்ன எலிமெண்டைச் சுத்தம் செய்யவே கூடாது, நேரம் வந்தால் புதிதாக மாற்றுவது மட்டும்தான். ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால், எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டும் பயன் இல்லை. கிளிப்பையும் சேர்த்து இறுக்கிப் பாருங்கள்.

சுமையில்லாமல் ஓடும்போதே கறுப்புப் புகை வந்தால் முதலில் இந்த ஃபில்டரைத்தான் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. சூடான பிறகும் நிற்காவிட்டால் நாசில் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை), பம்ப் டைமிங், டீசலில் தண்ணீர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

டீசலும் ஏர் லாக்கும்

பங்கிலிருந்து கேனில் டீசல் வாங்கிவந்து ஊற்றுவதுதான் நம் ஊர் வழக்கம். அந்தக் கேனை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். கொண்டுவந்த உடனே ஊற்றாமல் சில மணி நேரம் அசையாமல் வைத்து, நுண்ணிய வலை உள்ள புனல் வழியாக ஊற்றி, அடியில் நிற்கும் கடைசிக் கொஞ்சத்தைக் கேனிலேயே விட்டுவிடுங்கள். தினமும் வேலை முடிந்ததும் டேங்க்கை நிரப்பி வைப்பது நல்லது. பாதி காலியான டேங்க்கில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் நீராகி உள்ளே படியும். ஃபில்டருக்குக் கீழே தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் இருந்தால் வாரம் ஒருமுறை அதன் திருகைத் தளர்த்தித் தண்ணீரை வெளியேற்றுங்கள்.

டீசல் தீர்ந்து நின்றாலும் ஃபில்டர் மாற்றினாலும் குழாய்க்குள் காற்று புகுந்து வண்டி ஸ்டார்ட் ஆகாது. மினி வண்டிகள் பெரும்பாலும் சாதாரண மெக்கானிக்கல் பம்ப் கொண்டவை என்பதால் இதை நீங்களே சரிசெய்யலாம்:

1. டேங்க்கில் போதுமான டீசல் ஊற்றுங்கள். டேங்க்குக்குக் கீழே வால்வு இருந்தால் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.
2. ஃபில்டர் தலையில் உள்ள ஏர் திருகை ஒன்றிரண்டு சுற்று தளர்த்துங்கள்.
3. கைப்பம்ப்பை அடியுங்கள். கைப்பம்ப் இல்லாத வண்டியில் டேங்க்கிலிருந்து டீசல் தானாக இறங்கும். நுரையும் குமிழியுமாக வருவது நின்று, வெறும் டீசல் வந்ததும் திருகை இறுக்குங்கள்.
4. இன்ஜெக்‌ஷன் பம்ப்பில் உள்ள திருகிலும் இதையே செய்யுங்கள்.
5. செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் அழுத்தாமல், நடுவே பேட்டரிக்கும் மோட்டாருக்கும் ஓய்வு கொடுங்கள்.
6. சிந்திய டீசலைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிடுங்கள்.

நாசில் குழாயை எஞ்சின் சுற்றும்போது தளர்த்துவதாக இருந்தால் கையை அருகில் கொண்டுபோக வேண்டாம். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னப் புள்ளி போலத்தான் காயம் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரலாம்.

ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

எஞ்சினுக்கு நம் வெயிலில் 15டபிள்யூ-40 டீசல் எஞ்சின் ஆயில் பொதுவாகச் சரியாக இருக்கும். தரக் குறியீட்டைப் புத்தகத்தில் பார்த்து வாங்குங்கள். முதல் சர்வீஸுக்குப் பிறகு 200 அல்லது 250 மணிக்கு ஒருமுறை என்று பல கம்பெனிகள் சொல்கின்றன. வருடத்துக்கு அவ்வளவு மணி ஓடாத வண்டி என்றாலும் வருடம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது வடித்தால்தான் அடி அழுக்கும் சேர்ந்து வரும். ஆயில் மாற்றினால் ஆயில் ஃபில்டரையும் மாற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடித்த பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள், கேனில் சேர்த்து வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கியர் பெட்டி ஆயிலில்தான் அதிகமானோர் ஏமாறுகிறார்கள். இன்றைய மினி வண்டிகள் பலவற்றில் கியர், ஹைட்ராலிக், ஆயிலில் மூழ்கிய பிரேக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். அதற்கென்றே தனி வகை ஆயில் இருக்கிறது. விலை குறைவு என்று 90 நம்பர் கியர் ஆயிலை அங்கே ஊற்றினால் ஹைட்ராலிக் பம்ப் திணறும், பிரேக் பிளேட் பாழாகும். 90 நம்பருக்கு உரிய இடங்கள் வேறு: ரோட்டவேட்டர் கியர் பெட்டி, சில வண்டிகளின் முன் ஆக்சில். பின்னால் கருவியைத் தூக்கும் லிப்ட், தூக்கும்போது நடுங்கினாலோ முனகினாலோ முதலில் ஆயில் அளவையும் ஹைட்ராலிக் ஃபில்டரையும் பாருங்கள்.

நெல் வயலில் சேற்றுழவு செய்கிறவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் ஆக்சில் சேற்றுக்குள் முழுதாக மூழ்கும். சீலில் சின்னக் கீறல் இருந்தாலும் சேற்றுத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். உழவு முடிந்த மறுநாள், வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, முன் ஆக்சிலின் வடிகால் போல்ட்டை லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால் அதுதான் முதலில் வரும். தெளிந்த ஆயில் வந்தால் உடனே இறுக்கிவிடலாம். தண்ணீரோ வெள்ளை நுரையோ வந்தால் முழுவதும் வடித்துவிட்டு, சீலையும் மாற்றிவிடுங்கள். கேஜ் வீலில் (சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) சுற்றிய வைக்கோலையும் நைலான் கயிற்றையும் அன்றன்றே வெட்டி எடுத்தால் சீல் நீண்டநாள் வரும். சேற்றில் ஓடிய நாட்களில் கிரீஸ் தினமும் அடிக்க வேண்டும். பழைய கிரீஸும் சேறும் வெளியே தள்ளப்பட்டு, புதுக் கிரீஸ் தெரியும் வரை அடியுங்கள்.

சூடு

தோப்பில் ஓடும் வண்டிகள் சூடாவதற்குப் பெரும்பாலும் காரணம் புல் விதையும் நார்த் தூசியும்தான். ரேடியேட்டர் முன்னால் இருக்கும் வலையை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை கழற்றித் தட்டினாலே போதும். ரேடியேட்டர் தகடுகளுக்கு விசிறிப் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாகக் காற்று அல்லது தண்ணீர் அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் குழாயைப் பக்கத்தில் வைத்து வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்ற வேண்டாம். நம் பகுதிகளில் கிணற்று நீரிலும் போர் நீரிலும் உப்பு அதிகம், உள்ளே காரை படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் அவசரத்தில் வெந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

கிளட்ச், டயர், பேட்டரி

கிளட்ச் பெடலின் தொடக்கத்தில் கொஞ்சம் வெற்று அசைவு இருக்க வேண்டும். தகடு தேயத்தேய அது குறையும். வரிசை முனையில் திரும்பும்போதெல்லாம் காலைப் பெடலிலேயே வைத்திருக்கும் பழக்கத்தை டிரைவரிடம் கண்டால் அன்றே சொல்லி நிறுத்துங்கள்.

தார் ரோட்டில் போகும்போது நான்கு சக்கர இழுவையை விடுவித்துவிட வேண்டும். முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சற்று முன்னே இழுக்கும்படிதான் கியர் அமைத்திருக்கிறார்கள். மண்ணில் அந்த வித்தியாசம் வழுக்கிச் சரியாகிவிடும், தாரில் வழுக்க வழியில்லாமல் டயரும் முன் கியரும் தேயும். இதே காரணத்தால்தான் டயர் மாற்றும்போது கம்பெனி சொன்ன அளவைத் தவிர வேறு அளவு போடக் கூடாது. சீமைக்கருவேல முள் உள்ள நிலத்தில் வேலை என்றால் ஒரு ஸ்பேர் டியூப்பும் கைப்பம்ப்பும் வண்டியில் இருக்கட்டும்.

பேட்டரி கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். முனைகளில் வாசலின் தடவுங்கள்.

கருவி வாங்கும் முன்

விளம்பரத்தில் இருக்கும் எச்.பி. எஞ்சினுடையது. வண்டியின் பின்னால் சுற்றி, கருவியை ஓட்டும் தண்டுதான் பி.டி.ஓ. கருவிக்குப் போய்ச் சேருவது பி.டி.ஓ. எச்.பி., அது எப்போதும் குறைவு. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையம் வெளியிடும் அறிக்கைகளில் இந்த எண்ணும் லிப்ட் தூக்கும் எடையும் இருக்கும். டீலரிடம் கேட்டு வாங்குங்கள். 24 எச்.பி. வண்டிகள் சிலவற்றுக்கு 750 கிலோ தூக்கும் திறன் சொல்கிறார்கள். அது கருவி மாட்டும் லிங்க் கைகளின் முனையில் அளந்தது. கருவியின் எடை அதற்கும் பின்னால் தள்ளி இருக்கும் என்பதால் உண்மையில் தூக்குவது குறைவாகத்தான் இருக்கும்.

கருவியைக் கீழே இரண்டு கைகளிலும் மேலே டாப் லிங்க்கிலும் மாட்டும் மூன்று முனை இணைப்பிலும் அளவு வகைகள் உண்டு. மினி வண்டிகளுக்கு வருவது முதல் வகை அல்லது அதன் குறுகிய வடிவம்: கீழ் முள் 22 மி.மீ., டாப் லிங்க் முள் 19 மி.மீ. பெரிய டிராக்டர் கருவியின் முள் 28 மி.மீ. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் இரவல் வாங்கிய கருவி மாட்டவில்லை என்றால் வெல்டிங் வைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். அது உங்கள் வண்டிக்கு ஆன கருவியே இல்லை.

ரோட்டவேட்டர்

அதிகம் யோசித்து வாங்க வேண்டிய கருவி இதுதான். 24 எச்.பி. வண்டிக்கு மூன்றரை அடி முதல் நான்கு அடி வரை சரி. 15 முதல் 18 எச்.பி. என்றால் இரண்டரை முதல் மூன்றே கால் அடி. பின் டயர்களின் வெளி அகலத்தை மூடினால் போதும், டயர் தடம் உழாமல் விடுபடாது. அகலம் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்று ஐந்தடி வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். எஞ்சின் திணறி, கறுப்புப் புகை தள்ளி, டீசல் கூடுதலாகக் குடித்து, கிளட்ச்சும் போய்விடும். சேமித்த நேரம் எல்லாம் மெக்கானிக் கடையில் செலவாகும்.

பி.டி.ஓ. வேகம் 540 ஆர்.பி.எம். என்று கணக்கிட்டுத்தான் பெரும்பாலான கருவிகள் செய்யப்படுகின்றன. சில மினி வண்டிகளில் 750 அல்லது 980 போன்ற இன்னொரு வேகமும் இருக்கும். அது எந்தக் கருவிக்கு என்று புத்தகத்தில் பார்த்தபிறகே போடுங்கள். ரோட்டவேட்டரை அந்த வேகத்தில் ஓட்ட வேண்டாம்.

பி.டி.ஓ.வையும் கருவியையும் இணைக்க, கருவியோடு வரும் ஷாஃப்ட் உங்கள் வண்டிக்கு நீளமாக இருக்கலாம். மாட்டி, லிப்ட்டை மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஷாஃப்ட் மிகச் சுருங்கும் நிலையிலும் உள்ளே ஓர் அங்குலமாவது இடம் மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் அது முட்டி பி.டி.ஓ. பேரிங்கை உடைக்கும். மிக நீளும் நிலையில் இரண்டு குழாயும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். வெட்ட வேண்டியிருந்தால் இரண்டு குழாயிலும் பிளாஸ்டிக் உறையிலும் ஒரே அளவு வெட்டி, பிசிறை அரம் போட்டு நீக்குங்கள். இரண்டு உள் நுகங்களும் (ஜாயிண்ட்டின் கவை போன்ற முனைகள்) ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், மாற்றி மாட்டினால் வண்டியே அதிரும். ஜாயிண்ட் சிலுவைக்கு எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ்.

அந்த உறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. தயவுசெய்து செய்யாதீர்கள். சுற்றும் ஷாஃப்ட்டில் துண்டு, லுங்கி, சேலை முனை சிக்கினால் கையால் இழுத்து மீட்க நேரம் இருக்காது. பிளேடில் சுற்றிய கொடியை எடுக்க இறங்கும்போது பி.டி.ஓ.வை விடுவித்து, எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். பாதுகாப்பு போல்ட் அறுந்தால் அதே தரத்தில்தான் மாற்ற வேண்டும். கெட்டியான போல்ட் போட்டால் அது அறுவதற்குப் பதில் கியர் பெட்டி உடையும்.

தென்னந்தோப்பில் ஓட்டும்போது மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்குள் ரோட்டவேட்டரைக் கொண்டுபோக வேண்டாம். உணவு உறிஞ்சும் வேர்கள் அந்த வட்டத்துக்குள்தான் அதிகம். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் நடுவே 13 அடி தாராளமாகக் கிடைக்கும்.

மற்ற கருவிகள்

ஐந்து கொத்துக் கலப்பை மினி வண்டிக்கு அளவானது. விலையும் குறைவு, கோடை உழவுக்கும் ஆகும். கலப்பைக்கு டிராஃப்ட் லிவர் (இழுவைச் சுமைக்கு ஏற்ப ஆழத்தைத் தானாக மாற்றுவது), ரோட்டவேட்டருக்கும் மருந்து தெளிப்பானுக்கும் பொசிஷன் லிவர் (வைத்த உயரத்திலேயே நிறுத்துவது) என்று டிரைவருக்குப் பழக்கிவிடுங்கள். ரோட்டவேட்டருக்குப் பக்கச் சங்கிலியை இறுக்கமாகவும் கலப்பைக்குக் கொஞ்சம் தளர்வாகவும் வைக்கலாம். மஞ்சள், மரவள்ளி போடுகிறவர்களுக்குப் பார் போடும் கலப்பை அவசியம். தோப்பில் களை மட்டும் பிரச்சினை என்றால் உழுவதைக் குறைத்து, புல் வெட்டும் ஸ்லாஷர் வாங்குவது மண்ணுக்கும் நல்லது, வண்டிக்கும் சுமை குறைவு.

வருடத்தில் நான்கு நாள் மட்டும் தேவைப்படும் குழி தோண்டும் கருவி போன்றவற்றைச் சொந்தமாக வாங்காமல் வாடகைக்கு எடுப்பதே சரி. வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களையும் கருவிகளுக்கான மானியத்தையும் உழவன் செயலியில் பார்க்கலாம். மானிய அளவு திட்டத்துக்குத் திட்டம் மாறும், வாங்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

பின்னால் கனமான கருவி மாட்டினால் முன்பக்கம் இலேசாகி ஸ்டீயரிங் பிடிபடாது. வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரத்தில் நிற்க வேண்டும். முன் பம்பரில் எடைக் கட்டிகள் மாட்டுவது அதற்காகத்தான். சிக்கிய மரத்தடியை இழுக்க வேண்டி வந்தால் கீழே உள்ள டிராபாரில்தான் (இழுவைக் கம்பி) சங்கிலி மாட்ட வேண்டும். டாப் லிங்க்கிலோ ஆக்சிலுக்கு மேலேயோ மாட்டி இழுத்தால் முன்பக்கம் தூக்கி வண்டி பின்னால் கவிழ்ந்துவிடும். ஓட்டுநர் சுதாரிக்க ஒரு வினாடிகூடக் கிடைக்காது.

டிரெய்லர் விஷயத்திலும் அப்படித்தான். எஞ்சின் இழுத்துவிடும், நிறுத்துவதுதான் கஷ்டம். ஒரு டன் வண்டி மூன்று டன் தேங்காயை இறக்கத்தில் பிடித்து நிறுத்தாது. இரண்டு பிரேக் பெடலையும் இணைக்கும் கொக்கியை ரோட்டில் போட்டே ஓட்டுங்கள், இறக்கத்தில் நியூட்ரல் வேண்டவே வேண்டாம்.

மழைக்காலத்தில் நிறுத்தி வைக்கும்போது

ஐப்பசி, கார்த்திகையில் வண்டிக்கு வேலை இல்லாமல் போகலாம். கழுவிக் காயவைத்து, எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடித்து, டேங்க்கை நிரப்பி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கருவியைத் தரையில் இறக்கி நிறுத்துங்கள். லிப்ட் தூக்கிய நிலையில் வாரக்கணக்கில் விடக் கூடாது. ரோட்டவேட்டர் பிளேடுகளில் பழைய ஆயிலைத் தடவினால் துரு பிடிக்காது. சைலன்சர் வாயை ஒரு டப்பாவால் மூடுங்கள், ஸ்டார்ட் செய்யும் முன் எடுக்க மறக்காமல் இருக்க ஸ்டீயரிங்கில் ஒரு துணியைக் கட்டி வையுங்கள். எலி வயரைக் கடிக்கும் என்பதால் பக்கத்தில் தீவனமோ வைக்கோலோ வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓடவிட்டு, கிளட்ச்சை நாலைந்து தடவை மிதித்து, லிப்ட்டையும் ஏற்றி இறக்கிவிட்டு நிறுத்துங்கள்.